இன்னும் வராதவனின் அப்பா

போன வாரம் என் சித்தப்பா இறந்தபோது, கறுப்புத் துணியில் எழுதித் தருபவர் கேட்ட முதல் கேள்விக்கே எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. என்ன பெயர் போடுவது என்று கேட்டார். பாக்தாதுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான பகூபாவில் யார் இறந்தாலும் பெயரும் துக்கம் கேட்கும் இடமும் எழுதித் தெருமுனையில் கட்டுவோம். சித்தி பஹீஜா, "ஹாத்திம் ஷல்லால்னு மட்டும் போடச் சொல்லு" என்றார். அப்படியே போட்டோம். முதல் நாள் மாலைவரை நாற்காலிகள் பாதி காலியாகவே கிடந்தன. ஊரில் பாதிப் பேர் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு, யாரோ ஒரு ஹாத்திம் என்று கடந்து போயிருக்கிறார்கள்.

இருபத்தாறு வருடம் அவரை அபூ காயிப் என்றுதான் இந்த ஊர் அறிந்திருந்தது. ஆண்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பது இங்கே மரியாதை இல்லை. மூத்த மகன் பெயரோடு அபூ சேர்த்து, இன்னாருடைய அப்பா என்போம். பிள்ளை இல்லாதவரைச் சும்மா விட்டுவிடுவதும் அழகில்லை. அதனால் அவர் அபூ காயிப். காயிப் என்றால் இங்கு இல்லாதவன், இன்னும் வராதவன். மனைவி உம்மு காயிப், காயிப்பின் அம்மா. சொல்பவர் மனதில் கேலி இருக்காது, கேட்பவர் மனதில் புண்படுதல் இருக்காது. விளையாட்டாக யாராவது "காயிப் எங்கே?" என்று கேட்டால், சித்தப்பா ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்வார்: "வருவான், இன்ஷா அல்லாஹ்." நலமா என்றால் நலம் என்பதுபோல அவர் வாயில் அது ஊறிப்போயிருந்தது.

அவர் தியாலா ஆற்றங்கரையில் இருந்த நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டுபவர். என் அப்பா ஈரான் சண்டையில் இறந்த பிறகு எங்களையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு கதவு வைத்தார், அதோடு இரண்டும் ஒரே வீடாகிவிட்டன. நான் பாக்தாதில் ஆங்கிலம் படித்ததும் அவர் பிடிவாதத்தால்தான். "ஒரு ஆளாவது இந்த வீட்டுல ரேடியோவைப் புரிஞ்சுக்கிட்டுக் கேக்கட்டும்" என்பார்.

எங்கள் நாட்டின்மேல் உலக நாடுகள் பொருளாதாரத் தடை போட்ட பன்னிரண்டு வருடமும் அவர் பட்ட பாடு, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் குளோரினுக்காக. அதில் விஷ ஆயுதம் செய்யலாம் என்று அளந்து அளந்து அனுப்பினார்கள். கோடையில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால், தன் கையாலேயே தண்ணீரைக் கெடுத்துவிட்டதுபோல முகம் சுருங்கி உட்கார்ந்திருப்பார். அப்புறம் 2003இல், நாட்டில் ஆயுதம் ஒளித்து வைத்திருக்கிறார்கள், அதைத் தேடி வருகிறோம் என்று அமெரிக்கப் படை வந்தது. நான் ரேடியோவைக் கேட்டு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"எங்கெல்லாம் தேடுவாங்களாம்?" என்று கேட்டார்.

"எல்லா இடத்துலயும் சித்தப்பா."

"நம்ம ஸ்டேஷனுக்கும் வரட்டும். குளோரின் கிடைச்சா எனக்கும் ரெண்டு டிரம் குடுத்துட்டுப் போகச் சொல்லு."

நவம்பரில், ஆரஞ்சு பறிக்கிற நேரத்தில், எங்கள் தெரு முனையில் ஒரு ராணுவ வண்டியின் கீழ் குண்டு வெடித்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தெருவை இரண்டு பக்கமும் அடைத்தார்கள். பதினைந்திலிருந்து ஐம்பது வயதுவரை உள்ள ஆண்கள் எல்லோரையும் வெளியே கூட்டி, சுவரைப் பார்த்து மண்டியிட வைத்தார்கள். சித்தப்பாவுக்கு ஐம்பத்திரண்டு. அவர் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், போகலாம் என்று கையைக் காட்டினான். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. நானும் அம்மாவும் கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது வரிசையில் மண்டியிட்டிருந்த அபூ ஷிஹாப் தலையைத் திருப்பாமல் குரல் கொடுத்தார். அவர் எங்கள் தெருவின் ரேஷன் கடைக்காரர்.

"அபூ காயிப், என் வீட்டுல சொல்லிடுப்பா. மாவு வண்டி வந்தா இறக்கி வைக்கச் சொல்லு, திருப்பி அனுப்பிடப் போறாங்க."

சிப்பாய்களோடு முகத்தை மூடிக்கொண்டு ஒரு மொழிபெயர்ப்பாளன் நின்றிருந்தான். அவன் பேசிய அரபி எங்களுடையது இல்லை. எகிப்துப் படங்களில் கேட்கிற அரபி.

"யாரு அபூ காயிப்?"

"நான்தான்" என்றார் சித்தப்பா.

"காயிப் எங்கே?"

"வருவான், இன்ஷா அல்லாஹ்."

சுவரைப் பார்த்திருந்தவர்களில் இரண்டு மூன்று பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்திலும் வந்தது. சிப்பாய்களின் அதிகாரி அந்தச் சிரிப்பைப் பார்த்தான். மொழிபெயர்ப்பாளனிடம் ஏதோ கேட்டான்.

"எப்ப வருவான்?"

"அது ஆண்டவன் கையிலதான் இருக்கு தம்பி."

மொழிபெயர்ப்பாளன் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னதை நான் முழுதாகக் கேட்டேன். இவருக்கு ஒரு மகன் இருக்கிறான், தலைமறைவாக இருக்கிறான், திரும்பி வருவான் என்கிறார், எப்போது என்று சொல்ல மறுக்கிறார்.

அவருக்கு மகன் இல்லை. ஆங்கிலத்தில் அது நான்கே சொற்கள். நான்கு வருடம் படித்தவள் நான். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அம்மா பிடிக்காமல் இருந்திருந்தாலும் என் வாய் திறந்திருக்காது. துப்பாக்கிகள் எல்லாப் பக்கமும் இருந்தன. அவர் தலையில் மணல் மூட்டைப் பையைக் கவிழ்த்து, கையைப் பின்னால் கட்டி, வண்டியில் ஏற்றினார்கள். சித்தி அவருடைய சர்க்கரை நோய் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

அபூ ஷிஹாபை அன்று மாலையே விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் நாட்கள் எல்லாம் முள்கம்பி வேலிக்கு முன்னால் போயின. எந்த முகாமில் இருக்கிறார் என்று தெரியவில்லை. பட்டியல் ஒட்டுவார்கள். ஹாத்திம் என்ற பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடினேன். சித்தி ஒவ்வொரு முறையும் மாத்திரை டப்பாவோடு வருவார். டப்பாவைத் திறந்து, எண்ணிப் பார்த்து, மூடுவார். நான் பட்டியலைப் படிக்கும்போது என் உதட்டையே பார்ப்பார். மூச்சுக்கூட விடமாட்டார்.

நாற்பத்தொன்றாவது நாள் பெயர் கிடைத்தது. தெற்கே பாலைவனத்தில் ஒரு முகாம். அங்கே போனோம். கைதிகள் விஷயத்தைக் கவனித்த அதிகாரி வெயிலில் முகம் உரிந்த, நாற்பது வயது மனிதன். மரியாதையாகத்தான் பேசினான். கோப்பைத் திறந்து காட்டினான். மகன்: காயிப். தலைமறைவு. மகன் சரணடைந்தால் தகப்பனை விட்டுவிடலாம்.

நான் பேசினேன். அன்று வராத ஆங்கிலம் எல்லாம் இப்போது வந்தது. அபூ என்றால் என்ன, காயிப் என்றால் என்ன, பிள்ளை இல்லாதவரை ஏன் அப்படி அழைக்கிறோம், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப அவர் யாருக்கு அப்பா?"

"யாருக்கும் இல்லை."

"ஊர் முழுக்க ஒரு மனுஷனை, இல்லாத ஒருத்தனுக்கு அப்பான்னு கூப்பிடுதா?"

"ஆமா."

"அவரே சொல்லியிருக்காரே, திரும்பி வருவான்னு."

அது ஒரு பேச்சு வழக்கு என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல.

அடுத்த முறை அபூ ஷிஹாப் எங்களோடு வந்தார். தன்னால் வந்த வினை என்று அவருக்குத் தூக்கம் போயிருந்தது. ரேஷன் அட்டையைக் கொண்டுவந்தார். பதின்மூன்று வருடமாக இந்த நாட்டில் யார் பிறந்தாலும் செத்தாலும் அதில் பதியாமல் மாவு கிடைக்காது. ஹாத்திம், பஹீஜா, இரண்டே பேர்.

"சொல்லும்மா அவர்கிட்ட" என்றார். "அந்த வீட்டுல ஒரு பையன் இருந்திருந்தா, அவன் பங்கு மாவைப் பதின்மூணு வருஷமா வாங்காம விட்டிருப்பாங்களா? எங்க ஜனங்க செத்தவன் பேருலயே ரேஷன் வாங்குவாங்க, உயிரோட இருக்கறவனை மறைப்பாங்களா?"

சொன்னேன். அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெயர் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகாது, மறைக்க நினைப்பவர்கள் பெயரைத்தான் முதலில் எடுப்பார்கள் என்றான்.

வெளியே வந்ததும் அபூ ஷிஹாப் காறித் துப்பினார். "இல்லாததைத் தேடித்தானே கடல் தாண்டி வந்திருக்காங்க. இல்லைன்னு எவன் நிரூபிச்சான், நாம நிரூபிக்க?"

சித்தி டப்பாவைத் திறந்து எண்ணினார்.

பிப்ரவரியில் முகாமிலிருந்து விடுதலையான ஒரு லாரி டிரைவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். சித்தப்பாவின் கூடாரத்தில் இருந்தவர். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"கால்ல புண்ணு" என்றார். "மாத்திரை ஒருநாள் குடுத்தா மூணு நாள் இல்ல. பெருவிரல் கறுத்துப்போச்சு. அவரு சிரிச்சுட்டுத்தான் இருக்காரு, ஆனா வாசம் வருது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்கம்மா."

மறுநாள் நான் தனியாக முகாம் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் கெஞ்சினேன். அதிகாரி வெளியே வந்தான். கால் விஷயத்தைச் சொன்னேன். அவன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான். பிறகு, "அந்தப் பையன் செத்துட்டான்னா விஷயம் சுலபம்" என்றான். "இறப்புச் சான்றிதழ் கொண்டுவா. கோப்பை மூடிடுவேன்."

அவன் எனக்கு வழி காட்டினானா, உண்மையிலேயே நம்பினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சித்தியிடம் இதை எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"என்னைக் கொல்லச் சொல்றியா அவனை?"

"சித்தி, அப்படி ஒருத்தன் இல்லவே இல்ல."

"உனக்கு இல்ல" என்றார்.

அந்த நாற்பத்தாறு வயதிலும் அவர் இன்னும் பிள்ளையை எதிர்பார்த்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. நாள் தள்ளிப்போனால் யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் காத்திருப்பாராம். பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். இரண்டு நாள் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. சுவர்க் கதவு சாத்தியே கிடந்தது. எனக்கு ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கறுத்த விரல் கண்ணில் நின்றது. மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்துகொண்டு, வெளியே போகிற உடையில் வந்தார்.

"வா, போலாம். மதியத்துக்குள்ள முடிச்சுடணும்."

பதிவு அலுவலகத்தின் கூரையில் பாதி இல்லை. போன ஏப்ரலில், அமெரிக்கப் படை வந்தபோது எரிந்தது. அங்கே இருந்த எழுத்தருக்குச் சித்தப்பாவைத் தெரியும். அவர் தெருவுக்கும் சித்தப்பாதான் தண்ணீர் விட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"பிறக்காதவனுக்கு இறப்பு எழுத முடியாதும்மா. முதல்ல பிறக்கணும். எந்த வருஷம் போடட்டும்?"

"கல்யாணம் எழுபத்தேழு" என்றார் சித்தி. "எழுபத்தெட்டு போடுங்க."

"எழுபத்தெட்டுன்னா ராணுவத்துக்குப் போயிருக்கணும். அந்தப் பதிவு கேப்பாங்க."

"அப்ப எம்பது."

"அதுவும் அதேதான். ராணுவத்துல இருந்து ஓடிப்போனவன்னு ஆயிடும். ஓடிப்போனவன்னா காதை அறுத்திருப்பாங்க, அந்தப் பட்டியல்லயும் இருக்கணும்."

சித்தி விரல்விட்டு எண்ணினார். ஒவ்வொரு வருடத்திலும் ஒரு சண்டை நின்றது. பிள்ளையை எந்தச் சண்டைக்கும் அனுப்பாமல் வளர்க்க ஒரு வருடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எம்பத்தஞ்சு" என்றார் கடைசியில். "பதினெட்டு வயசு. படிச்சுட்டு இருந்தான்."

"சரி, எம்பத்தஞ்சு. எப்படிச் செத்தான்?"

"காய்ச்சல்."

"ஆஸ்பத்திரிச் சீட்டு வேணும்மா. குண்டு வீச்சுன்னு போடறேன். ஏப்ரல் மாசம். அதுக்கு யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, அவங்களே போட்டதுதானே."

"வலிச்சிருக்குமே" என்றார் சித்தி.

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். "உடனே போயிட்டான்னு எழுதறேன், உம்மு காயிப்" என்றார்.

அந்தக் காகிதத்தை முகாம் அலுவலகத்துக்குக் கொண்டுபோன நாளில் சித்தி கறுப்பு உடுத்தியிருந்தார். நான் உடுத்தச் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் பச்சைப் பூப்போட்ட கவுனில் போய் நின்றால் யார் நம்புவார்கள் என்றார். அதிகாரி காகிதத்தை மொழிபெயர்ப்பாளனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான். படித்து முடித்ததும் அதிகாரி தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்றான், சித்தியின் முகத்தைப் பார்த்து.

நான் மொழிபெயர்த்தேன்.

"அவன் போக மிச்ச ஆயுள் உனக்குக் கிடைக்கட்டும்" என்றார் சித்தி. துக்கம் கேட்பவருக்கு எல்லோரும் சொல்கிற பதில். அதை அவனுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் சித்தப்பா வந்தார். இடது காலில் மூன்று விரல்கள் இல்லை. ஒரு தடியும், பிளாஸ்டிக் பையில் துணிகளும் இருந்தன. வாசலில் நின்று சித்தியின் கறுப்பு உடையைப் பார்த்தார்.

"யாரு?" என்று கேட்டார். "யாரு போனது?"

சித்தி உள்ளே போய் காகிதத்தை எடுத்து வந்து கொடுத்தார். அவர் நின்றபடியே படித்தார். திட்டுவார் என்று பயந்தேன். சித்தியைத் தள்ளிவிட்டுப் போய்விடுவாரோ என்றுகூட நினைத்தேன். நான் அன்று கேட்டுக்குப் பின்னால் நின்றதை அவர் பார்த்தாரா என்ற கேள்வியும் கூடவே இருந்தது. அவர் மெதுவாக உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டார்.

"பதினெட்டு வயசா" என்றார். பிறகு, "துக்கம் வெச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"வைக்கணும் பஹீஜா. எழுதிட்டோமில்ல."

அம்மா தடுத்துப் பார்த்தாள். ஊர் சிரிக்கும் என்றாள். ஊர் ஏற்கெனவே ஒருமுறை சிரித்தாயிற்று என்றார் சித்தப்பா. மூன்று நாள் தெருவில் கூடாரம் போட்டு நாற்காலி வைத்தார்கள். உளவு சொல்பவர்கள் எங்கும் இருந்த நேரம். பொய் வெளிப்பட்டால் அவரைத் திரும்பப் பிடித்துப் போவார்கள், எழுத்தரையும் சேர்த்து. யாரும் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

எல்லோரும் வந்தார்கள். அந்தப் பையன் இல்லை என்று தெரிந்தவர்கள்தான். சுவரைப் பார்த்து மண்டியிட்டபோது சிரித்தவர்களும் வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கை ஏந்தி ஃபாத்திஹா ஓதி, கசப்புக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அபூ ஷிஹாப் மூன்று நாளும் காப்பிப் பாத்திரத்தோடு வாசலில் நின்றார். அவரும் சித்தப்பாவை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு இருபது வருடமும் ஊர் அப்படித்தான், ஹாஜி என்றும் மோட்டார்க்காரரே என்றும் சமாளித்தது.

மூன்றாம் நாள் பெண்கள் பக்கத்துக்கு, எங்களுக்கு அறிமுகமில்லாத ஒருத்தி வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள். தெருமுனைக் கறுப்புத் துணியைப் பார்த்துவிட்டு வந்தாளாம். நேராகச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏப்ரல்லயா?"

"ம்."

"என் பையனும் ஏப்ரல்தான். எத்தனை வயசு உன் பிள்ளைக்கு?"

நான் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். சித்தி எதையாவது உளறிவிடுவாரோ, கையை இழுத்துக்கொள்வாரோ என்று பயம். சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள்.

"பதினெட்டு" என்றார் சித்தி.

"எனக்குப் பதினேழு. பாதிதான் கிடைச்சான்." அவள் முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போட்டோ இருக்கா? எங்கே, காட்டு, பார்க்கறேன்."

"எடுக்கல" என்றார் சித்தி.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

அந்தப் பெண் சித்தியின் முகத்தையே பார்த்தாள். தன்னைவிட ஏழையான ஒருத்தியைப் பார்ப்பதுபோல. பிறகு சித்தியைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, தன் பையனுக்காகவா இவனுக்காகவா என்று தெரியாமல், சத்தமில்லாமல் அழுதாள். சித்தி விலகவில்லை. அன்று மாலை கூடாரத்தைப் பிரிக்கும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.